எண்ணெய் இறங்கிய தோடு

சென்ற ஆண்டு வரை பயம் நன்றாக விற்றது. இந்த ஆண்டு அதைச் சீந்த ஆளில்லை.

பயம் என்றால் முகக்கவசம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் கொள்ளைநோய் வந்தபோது ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அலைந்ததே, அந்தத் துணி. போட்டிருந்தவரின் பயம் வியர்வையோடு அதில் படிந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஆறு மணி நேரம் மாட்டியிருந்த கவசம் ஒன்றைப் பீளமேட்டுத் தொழிலதிபர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வரவேற்பறையில் விளக்குப் போட்டு மாட்டியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு கல்யாணத் துணிமணி. பழைய வாடகை லெஹங்காக்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். மணப்பெண்ணின் பூரிப்பு கிடைக்கும் என்று நம்பி நாற்பது பேர் நாற்பது லெஹங்காக்களைப் போட்டுப் பார்த்தார்கள். கிடைத்தது பசியும் இடுப்பு இறுக்கமும். அதற்கும் முன்னால் ஓவியம். சட்டத்தின் விளிம்பில் ஓவியரின் கைவியர்வை படிந்திருக்கும் அல்லவா, படைப்பின் பரவசம் அதில் இருக்கும் என்று வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது பொறாமை. பக்கத்துத் தெரு ஓவியர் மேல் வந்த பொறாமையாக இருக்கும்.

இதையெல்லாம் வாங்கச் சொன்னது நான்தான். என் பெயர் தருண். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழம்பொருள் ஏலக்கூடத்தில் தலைமை மதிப்பீட்டாளன். ஒவ்வொரு மார்கழியிலும் அடுத்த ஆண்டு எதைச் சேகரிக்கலாம் என்று ஓர் அறிக்கை எழுதுவேன். நான் எழுதுவதை ஜனங்கள் வாங்குவார்கள். அவர்கள் வாங்குவதைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சரியாகக் கணித்தேன் என்று வியப்பார்கள். எந்த ஜோசியனுக்கும் இப்படி ஊர் வாய்த்ததில்லை.

சென்ற கார்த்திகையில் எங்கள் முதலாளியம்மா லாவண்யா என் மேசை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தருண், இனி பயம் வேண்டாம். ஜனங்க அலுத்துட்டாங்க. இந்த வருஷம் நல்லதா ஏதாவது வேணும். வீட்ல வச்சுக் கும்பிடற மாதிரி."

"நல்லதுன்னா?"

"தாய்மை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பால் கொடுக்கும் காலத்தில் பெண்கள் அணிந்திருந்த நகைகளை அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்களிடம் போட்டுப் பார்த்திருந்தார்கள். முடிந்ததும் என்ன உணர்ந்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நூற்று எண்பது பேருக்கு மேல் எழுதியிருந்தது தூக்கம், களைப்பு, பயம், எரிச்சல். பாசம் என்று எழுதியிருந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதிலும் பத்துப் பேர் பாசத்துக்கு முன்னால் 'கொஞ்சம்' சேர்த்திருந்தார்கள்.

லாவண்யா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஃபைலை மூடினார். "தூக்கக் கலக்கத்தை யாரு தருண் வாங்குவா?"

நான் எழுதிக் கொடுத்தேன். தலைப்பு: 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு'. அதில் ஒரு வரி எல்லாருக்கும் பிடித்துப்போய்ப் பேருந்து நிறுத்தம் வரை விளம்பரமாக ஒட்டினார்கள்: 'பாலூட்டும் தாயின் தோட்டில் பாசத்தைத் தவிர வேறொன்றும் படிவதில்லை.' கூசாமல்தான் எழுதினேன். இருபது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தால் கூச்சம் தானாகவே போய்விடும்.

மிதுலா வந்தது தை மாதத்தில், ஒரு புதன்கிழமை.

முப்பத்து மூன்று வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் தர ஆய்வாளர். தைத்து வரும் சட்டைகளில் கறையோ பிரிந்த தையலோ இருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். மஞ்சள் தோய்த்த புதுத்துணியில் முடிந்த ஏழுகல் தோடு ஒரு ஜோடி.

"எங்கம்மா தோடுங்க. உங்க அறிக்கையப் படிச்சுட்டுத்தான் சின்னம்மாகிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"விக்கறதுக்குங்களா?"

"இல்லீங்க. நான் போட்டுப் பாக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "இது எப்படி வேலை செய்யுதுங்க? வலிக்குமா?"

இதை நான் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். "வலிக்காதுங்க. நாம பயந்தா வேர்வை ஒரு மாதிரி, சந்தோஷமா இருந்தா ஒரு மாதிரி. மூக்குக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். எண்ணெய் தேச்சுக் குளிக்கறப்ப எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து தோட்டுக் கல்லுக்குப் பின்னால எறங்கிருமுங்க. அங்கே தகடு வச்சு மூடியிருக்கறதால அப்படியே தங்கிரும். இந்த மிஷின் அதை லேசாச் சூடு பண்ணி உங்க காது மடல் வழியா உள்ளே அனுப்பும். அவங்க அன்னிக்கு என்ன உணர்ந்தாங்களோ, அது பதினோரு நிமிஷம் உங்களுக்கு வரும்."

"முகம் தெரியுமுங்களா?"

"முகம், குரல், வார்த்தை ஒண்ணும் தெரியாதுங்க. உணர்ச்சி மட்டும். ஒரு தோட்டுக்கு ஒரே ஒரு தடவை. அப்புறம் அது வெறும் தங்கம்."

முன்பெல்லாம் எண்ணெய் இறங்கிய தோட்டைக் கொண்டுபோனால் நகைக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவாராம். கல் மங்கிவிட்டது என்று விலையைக் குறைப்பாராம். இப்போது எண்ணெய்தான் நகை.

"எங்கம்மா பேரு ஹரிணி" என்றாள் மிதுலா. "எனக்கு ஒன்பது மாசம் இருக்கறப்ப காய்ச்சல்ல போயிட்டாங்க. இந்தத் தோட்டத்தான் கல்யாணத்துல இருந்து கடைசி வரைக்கும் போட்டிருந்தாங்களாம். வீட்ல எல்லாரும் என்னைச் சொல்லுவாங்க, ஆத்தாள முழுங்கினவன்னு. நல்லது பொல்லது எதுலயும் முன்னால நிக்க விடமாட்டாங்க. சின்னம்மாதான் வளத்தாங்க, நல்லாத்தான் வளத்தாங்க. ஆனா ஒரு தடவகூடத் தூக்கிக் கொஞ்சுனதில்லீங்க."

இங்கே வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கதை உண்டு.

"நானும் எம்பட வீட்டுக்காரரும் தத்து எடுக்கறதுக்கு எழுதிக் குடுத்து அஞ்சு வருஷம் ஆச்சுங்க. போன வாரம் கூப்பிட்டாங்க. நாலு மாசப் பொண்ணு. வர்ற திங்கக்கிழமை போய்க் கையெழுத்துப் போடணும், இல்லாட்டி வரிசைல அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாங்க." அவள் டப்பாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். "அவரு தொட்டிலே வாங்கிட்டாரு. எனக்குத்தான் கை வரலீங்க. அம்மான்னா எப்படி இருக்கணும்னு நான் பாத்ததே இல்ல. எங்கம்மா என்னையத் தூக்கி வச்சிருந்தப்ப அவங்களுக்கு என்ன இருந்துச்சுன்னு ஒரு தடவ தெரிஞ்சாப் போதும். அவங்ககிட்ட இருந்திருந்தா என்கிட்டயும் எங்கியாவது இருக்குமில்லீங்க?"

தோட்டை வாங்கி விளக்கின் கீழ் வைத்தேன். கற்கள் ஏழும் டாலடித்தன. எண்ணெய் இறங்கிய கல் இப்படி டாலடிக்காது. மயிரிழை ஊசியைக் கல்லுக்குப் பின்னால் விட்டுத் துளி எடுக்கப் பார்த்தேன். எண்ணெயின் வயதும் அளவும் அது பால் கொடுத்த காலத்ததா என்பதும் ஊசியில் தெரிந்துவிடும். உணர்ச்சி என்னவென்று மட்டும் போட்டுப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஊசியோடு இணைத்த சின்னத் திரையில் பூஜ்யம். இன்னொரு தோட்டிலும் பூஜ்யம்.

"இதைக் கழுவினீங்களா?"

"நல்லாக் கழுவிட்டேனுங்க!" அவள் முகத்தில் முதன்முதலாக ஒரு பெருமை. "செத்தவங்க போட்டிருந்த நகைய மஞ்சத் தண்ணில போட்டுத்தான எடுக்கோணும். எடுத்தாக் கல்லுக்குள்ள ஒரே அழுக்கு. இத்தனை பெரிய எடத்துக்கு இப்படியே கொண்டுட்டு வந்தா என்ன நினைப்பீங்க? பூந்திக்கொட்டைய வெந்நில ஊற வச்சு ரெண்டு நாள் போட்டு வச்சேன். நாலு தண்ணி மாத்துனேன். பின்பக்கம் தகட்டுக்குள்ள குண்டூசிய விட்டு நோண்டி எடுத்துட்டேன். என் வேலையே கறை பாக்கறதுதானுங்களே."

மூன்று தலைமுறையாகப் பெண்கள் தோட்டைக் கழுவுவது இப்படித்தான். கழுவாமல் கொண்டு வரவும் என்று என் பதினாறு பக்க அறிக்கையில் ஒரு வரி போட்டிருக்கலாம். பொன்குஞ்சைப் பற்றி எழுதவே இடம் போதவில்லை.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் தயார் பண்ணணுங்க" என்றேன். "தோட்டை வச்சுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வாங்க."

என்னிடமும் ஓர் ஏழுகல் தோடு ஜோடி உண்டு. என் அம்மா சுகுணாவுடையது. அவள் போய் ஆறு ஆண்டு ஆகிறது. காற்றுப்புகாத கண்ணாடிக் குப்பியில் போட்டு என் படுக்கையறை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஊசி விட்டுப் பார்த்ததில் நான் பிறந்து ஓராண்டு வரைக்குமான எண்ணெய் அடர்த்தியாக இருந்தது. என் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு அம்மா அந்தத் தோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, சாதாரணக் கம்மல் போட்டுக்கொண்டாளாம். அது பாதுகாத்து வைப்பதற்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போட்டுப் பார்க்காமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். போட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்பேன். சேகரிப்பாளர்கள் பலர் அப்படித்தான், தொடாத பொருளுக்குத்தான் அவர்களிடம் மதிப்பு. அவர்களைக் கோழைகள் என்று நான் கேலி செய்வது வழக்கம்.

ஆனால் எனக்கு இதில் சந்தேகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் படித்தவன் நான். படித்துவிட்டு, பாவம் இவர்களின் அம்மாக்கள் என்று நினைத்தவன். என் அம்மா வேறு. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள், ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நான் வயிற்றில் வந்தேன், அவள் போகவில்லை. அந்த அனுமதிக் கடிதத்தையும் என் பிறப்புச் சான்றிதழையும் ஒரே உறையில் போட்டுக் கடைசி வரை பீரோவில் வைத்திருந்தாள். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்காக அவள் விட்டுக்கொடுத்த கதையை நான்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குப்பியைத் திறந்து இடது தோட்டை எடுத்தேன். நல்ல காரியம் செய்யப் போகிறோம் என்ற திமிர் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே. அம்மா எனக்கு விட்டுப்போன சொத்தில் பாதியைக் கொடுத்தாலும் ஒரு குழந்தைக்கு வீடு கிடைக்கட்டும். ஹரிணி தன் மகளை நினைத்தது இப்படித்தான் இருந்திருக்கும், பெற்ற மனம் எல்லாம் ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்கு விற்ற சரக்கை அன்றைக்கு நானே வாங்கினேன்.

மிதுலா கணவனோடு வந்திருந்தாள். அவர் கீழே வண்டியிலேயே இருந்துவிட்டார். அவள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள்.

"கல்லு கொஞ்சம் மங்கலா இருக்குங்களே" என்றாள் தோட்டைப் பார்த்து.

"மிஷினுக்காக ஒரு பூச்சு பூசியிருக்குங்க. அப்புறம் துடைச்சிருவோம்" என்றேன். பொய்க்கு எனக்கு என்ன பஞ்சம்.

நாற்காலியைச் சாய்த்து, தோட்டைக் காதில் மாட்டி, மடலுக்குப் பின்னால் பட்டையை ஒட்டினேன். பொத்தானை அழுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். என் அம்மாவின் பாசம் இன்னொருத்தி முகத்தில் எப்படி வருகிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தவள் மாதிரி உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. நெற்றி சுருங்கியது. பல்லைக் கடித்தாள். கை தானாகவே உயர்ந்து எதையோ தள்ளுவதுபோல் விரல்கள் விரிந்தன. ஆறாவது நிமிடத்தில் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, மீதி நேரம் முழுக்க அப்படியே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மிஷின் நின்றது. அவள் கண்ணைத் திறக்க நேரமானது.

"எழுதிக் குடுக்கோணுங்களா?" என்றாள்.

"வேண்டாம். சொன்னாப் போதும்."

"பாரமுங்க. மொதல்ல ஒரே பாரம். அப்புறம் எரிச்சல், இது ஏன் வந்துச்சுங்கற மாதிரி. வெறுப்புன்னு சொல்ல முடியாது, அதுக்கும் தெம்பில்லாத மாதிரி. கடைசில எல்லாத்தையும் எறக்கி வச்சுப்போட்டு எந்திரிச்சு நடந்துரணும்னு இருந்துச்சு. எங்கியோ தூரமா. போக முடியாதுன்னும் தெரியுது." நிறுத்தினாள். "நடுவுல எங்கியாவது வரும் வரும்னு பாத்துட்டே இருந்தேன் சார். ஒரு பொட்டுகூட வரலீங்க."

தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பூச்சைத் துடைப்பதுபோல் திரும்பி நின்று, அவளுடைய ஜோடியை டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மூடியை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்தாள்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இது உங்க அம்மா இல்லைங்க என்று நாலே வார்த்தை. சொல்லவில்லை. அவளைப் பற்றிய நினைப்பே எனக்கு அப்போது இல்லை. எறக்கி வச்சுப்போட்டு நடந்துரணும் என்று அவள் சொன்னதே காதில் இருந்தது. இறக்கிவைக்க வேண்டியது நான். பிறந்த அன்றைய என் மூன்று கிலோ. ஐம்பத்திரண்டு வயதில், குளிரூட்டிய அறையில், முன்பின் தெரியாத ஒருத்தி வாயால் என் அம்மா என்னை வேண்டாம் என்றாள். நான் அங்கேயே நின்றேன். கீழே வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை அவள் எண்ணை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும். அவளிடம் சொல்ல வேண்டுமென்றால் அது என் அம்மா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை எனக்குள்ளேயே இன்னும் சொல்லியிருக்கவில்லை. திங்கட்கிழமையும் போயிற்று. சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை திருப்பூருக்குப் போனேன்.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நீண்ட மேசைகள், அவற்றின் மேல் வெள்ளை வெளிச்சம். மிதுலா சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து, கறை இருந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வாங்க சார். எதையாவது வச்சுட்டு வந்துட்டனுங்களா?"

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்க." மறுபடி உட்கார்ந்து ஒரு சட்டையை இழுத்தாள். "அவருக்குத்தான் மனசு விட்டுப்போச்சு. தொட்டிலப் பிரிச்சு மேல போட்டுட்டாரு. பொண்ண அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டாங்களாம், நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கும் நல்லதுதானுங்களே."

"மிதுலா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நீங்க போட்டது உங்கம்மா தோடு இல்லை. எங்கம்மா தோடு."

அவள் கை நின்றது.

"உங்க தோட்டை நீங்க கழுவிட்டீங்க. கழுவினா எல்லாம் போயிரும். ஊசில ஒண்ணுமே இல்லை. உங்ககிட்டச் சொல்ல மனசு வராம எங்கம்மா தோட்டை மாட்டிவிட்டேன். நீங்க உணர்ந்தது எங்கம்மா என்னைப் பத்தி நினைச்சது. உங்கம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது, உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதச் சொல்றதுக்கா கோயமுத்தூர்ல இருந்து வந்தீங்க?"

"உண்மையைச் சொல்றேங்க."

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொந்த அம்மாவயே இப்படிச் சொல்றீங்களே சார்."

பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதோ பாருங்க. வலது தோடு. நீங்க போட்டது இதோட ஜோடி. கல்லைப் பாருங்க, மங்கலா இருக்கு."

எடுத்துப் பார்த்தாள். கறை பார்க்கிற கண். திருப்பி வைத்தாள்.

"ஏழுகல் தோடு எல்லார் வீட்லயும் இருக்குங்க."

"உங்களோடது காலிங்க! ஒண்ணுமே இல்லாத தோடு!"

"ஒண்ணுமே இல்லாததுல இருந்து எனக்கு எப்படிங்க அத்தனை வந்துச்சு?"

"சரி, அதை விடுங்க." என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். இருநூத்திப் பன்னிரண்டு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. எல்லாம் தூக்கமும் எரிச்சலும்தான். பாசம் எழுதினது முப்பத்தொரு பேரு. அம்மான்னாலே அப்படித்தாங்க, அது ஒரு குறையே இல்லை. நீங்க அந்தக் குழந்தையை..."

"இத ஏனுங்க அறிக்கையில போடல?"

நான் குப்பியை மேசைமேல் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"நீங்க எழுதுனது எனக்கு மனப்பாடமுங்க" என்றாள். "'பாலூட்டும் தாயின் தோட்டில் பாசத்தைத் தவிர வேறொன்றும் படிவதில்லை.' தலைமை மதிப்பீட்டாளர்னு கீழ உங்க பேரு போட்டிருக்கு. இருவது வருஷ அனுபவம்னு போட்டிருக்கு. அதப் படிச்சு எத்தனை பேரு வாங்குறாங்க. அதெல்லாம் பொய், இப்ப என்கிட்டச் சொல்றதுதான் நெசம்னா நான் எப்படி சார் நம்புவேன்?" சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "பரவால்லீங்க. எல்லார்க்கும் கிடைச்சது எங்கம்மாகிட்ட எனக்கு இல்ல. அவ்வளவுதான. இத்தனை நாளா வீட்ல சொன்னது சரியாப் போச்சு."

"மிதுலா..."

"நீங்க ரொம்ப நல்லவருங்க சார். இப்படி எடுத்து வந்து சொல்றதுக்கு யாருக்குங்க மனசு வரும்? உங்கம்மா உங்கள அருமையா வளத்திருக்காங்க." குப்பியை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "அவங்கள இனிமே யாருகிட்டயும் இப்படிச் சொல்லாதீங்க. பாவம்."

வரும் வழியில் லாவண்யா அழைத்தார். தாய்மை பிய்த்துக்கொண்டு போகிறதாம், தோடு போதவில்லையாம், சேலத்திலிருந்து இன்னும் எழுபது ஜோடி வரவழைக்கிறாராம். அடுத்த ஆண்டுக்கு என்ன யோசனை என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கால் கிலோ பூந்திக்கொட்டை கேட்டேன்.

"தலைக்குங்களா, நகைக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"நகைக்கு."

"நகைக்குன்னா பத்துக் கொட்டை போதுமே."

"கால் கிலோவே குடுங்க."

வெந்நீரில் ஊறவைத்தேன். நன்றாக நுரைத்தது. வலது தோட்டைக் குப்பியிலிருந்து எடுத்தேன். ஐம்பத்தொரு ஆண்டு எண்ணெய். வேண்டுமானால் மிஷினை இங்கேயே கொண்டுவந்து பதினோரு நிமிடம் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு காதும் ஒரே மாதிரி படிய வேண்டும் என்று கட்டாயமில்லை. குழந்தையை எந்தப் பக்கம் போட்டுக்கொண்டு தூங்கினாளோ அந்தக் காதில் படிவது வேறாக இருக்கும் என்று நானே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அந்த வரி பொய்யில்லை.

தோட்டைத் தண்ணீரில் போட்டேன். இரண்டு நாள் ஊறவிட்டேன். நாலு தண்ணீர் மாற்றினேன். கடைசியில் குண்டூசியைத் தகட்டுக்குள் விட்டு மிச்சத்தை நோண்டி எடுத்தேன். ஊசியில் பழுப்பாக ஒரு துளி வந்தது, அதைக் குழாயடியில் காட்டிக் கழுவினேன். அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த மயிரிழை ஊசியை விட்டுப் பார்த்தேன். பூஜ்யம். கற்கள் ஏழும் டாலடித்தன.

அம்மா என்னைப் பற்றி அந்தப் பக்கத்துக் காதில் வேறு ஏதாவது நினைத்திருந்தால், அதுவும் போயிற்று.